தவளைக்காலில் தொடங்கிய காவல்

ராஜஸ்தானத்தில் உதய்ப்பூருக்குத் தெற்கே, ஆரவல்லிக் குன்றுகளுக்கு நடுவே ஜாவர் என்றொரு ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே உலை மூட்டியவர்கள் ஒரு பிடிவாதமான உலோகத்தோடு மல்லுக்கட்டினார்கள். செம்பு, ஈயம், இரும்பு என்றால் வழி தெரிந்ததுதான். தாதுவோடு கரியைச் சேர்த்து ஊதினால் உலோகம் உலையின் அடியில் வந்து சேரும். இது மட்டும் அப்படி வரவில்லை. தாதுவிலிருந்து அதைப் பிரிக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் 907 டிகிரியிலேயே அது கொதித்துவிடும். பிரிந்த கணமே ஆவியாகக் கிளம்பி, காற்றுப் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. உலையைத் திறந்து பார்த்தால் அடியில் ஒன்றுமே இருக்காது.

மேலே போகும் ஆவியைக் கீழே போக வைத்தால்? ஜாவர்க்காரர்கள் கத்திரிக்காய் வடிவத்தில் மண் கலயங்களைச் செய்து, உள்ளே தாதுவும் கரியும் நிரப்பி, உலைக்கு 36 கலயங்களாகத் தலைகீழாக அடுக்கினார்கள். கலயத்தின் கழுத்து மட்டும் கீழே குளிர்ந்த அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. காற்றுக்கு வழி இல்லாத கலயத்துக்குள் பிறந்த ஆவி, தப்பிக்க வேறு இடமில்லாமல் கழுத்து வழியே இறங்கிக் குளிர்ந்து சொட்டியது. அப்படித்தான் துத்தநாகம் உலோகமாக மனிதன் கைக்கு வந்தது. எரிந்து முடிந்த அந்தக் கலயங்கள் ஜாவரில் இன்றும் குன்று குன்றாகக் கிடக்கின்றன. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த உலோகத்துக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் இருந்தது. செம்போடு சேர்ந்து பித்தளையாவது. அதன் உண்மையான வேலை என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை.

1738இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் சாம்பியன் என்பவர் இதே போல ஆவியைக் கீழ்நோக்கி இறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஐரோப்பாவில் துத்தநாகம் பெரிய அளவில் காய்ச்சப்பட்டது அதற்குப் பிறகுதான். சாம்பியனுக்கு அதனால் பெரிய வாழ்வு வந்துவிடவில்லை. 1769இல் அவர் திவாலானார். ஆனால் அவர் உலை புகைந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1742இல், பாரிசில் பால் ஜாக் மலூயின் என்ற வேதியியலாளர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் ஒரு சிறு அறிக்கை படித்தார். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுத்தால் அதன்மேல் ஒரு தோல் படிகிறது என்றார். சமையல் பாத்திரங்களுக்குச் சிலர் இதைச் செய்துபார்த்தார்கள். துரு பிடிக்காமல் இருந்தது. ஏன் பிடிக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரும்பைத் துப்புரவாகச் சுத்தம் செய்ய மலிவான வழியும் இல்லை. கைக்கெட்டிய கண்டுபிடிப்பு அப்படியே உறங்கிப்போனது. அதை எழுப்ப ஒரு தவளை தேவைப்பட்டது.

இத்தாலியின் பொலோனியா நகரில் உடற்கூற்றியல் கற்பித்தவர் லூயிஜி கால்வானி. மின்சாரம் பட்டால் செத்த தவளையின் கால் துடிக்கிறது என்பதை அவரும் மனைவி லூசியாவும் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். மின்னல் வெட்டும்போதும் துடித்தது. வெறும் வானத்தில் இருக்கும் மின்சாரத்துக்கும் துடிக்குமா என்று பார்க்க, 1786இல் ஒரு தெளிந்த நாளில் தவளைக் கால்களின் தண்டுவடத்தில் பித்தளைக் கொக்கி மாட்டி, வீட்டுத் தோட்டத்தின் இரும்புக் கம்பி வேலியில் தொங்கவிட்டார். காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சலித்துப்போய் வேலியருகே சென்று, கொக்கியை இரும்புக் கம்பியோடு சேர்த்து அழுத்தினார். கால் வெடுக்கென்று உதைத்தது.

வானத்தில் மேகமே இல்லை. மின்சார எந்திரமும் பக்கத்தில் இல்லை. பிறகு மின்சாரம் எங்கிருந்து வந்தது? தவளையின் தசைக்குள்ளேயே இருக்கிறது என்று முடிவு செய்த கால்வானி 1791இல் அதை நூலாக வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் தவளை பிடிக்கும் பித்து பரவியது. பாவியா நகரில் அலெசாந்த்ரோ வோல்ட்டா மட்டும் தவளையை விட்டுவிட்டு வேலியைப் பார்த்தார். பித்தளை ஒன்று, இரும்பு ஒன்று, நடுவே ஈரம். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்ததுதான் மின்சாரத்தைப் பிறப்பித்தது, தவளை அதைக் காட்டிக்கொடுத்த கருவி மட்டுமே என்றார். இருவருக்கும் பெரிய வாதம் மூண்டது. இதற்கிடையில் நெப்போலியன் படை வந்து புதிய குடியரசை நிறுவியது. அதற்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்த கால்வானி பதவி இழந்து, 1798 டிசம்பரில் இறந்துபோனார். தன் கட்சி வென்றதா தோற்றதா என்பதை அறிய அவர் இல்லை.

1800 மார்ச் 20 அன்று வோல்ட்டா லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, உப்பு நீரில் நனைத்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் அந்தக் கம்பத்திலிருந்து ஓயாத மின்னோட்டம் கிடைக்கிறது என்று அதில் சொன்னார். உலகின் முதல் பேட்டரி அது. பித்தளைக்குத் துணை போவதைத் தவிர வேறு வேலை தெரியாத துத்தநாகம் திடீரென்று மேடை ஏறியது. மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே அந்தத் தட்டு மெல்ல மெல்லக் கரைந்ததையும் சோதனை செய்தவர்கள் கண்டார்கள். அதன் பொருள் விளங்க இன்னும் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. விளக்க வந்தது ஒரு கப்பல்.

அந்தக் காலப் போர்க்கப்பல்களின் மர அடிப்பாகத்தைக் கடற்புழு துளைத்துவிடும். அதைத் தடுக்கச் செப்புத் தகடு போர்த்துவார்கள். உப்பு நீரில் அந்தச் செம்பு அரித்துக்கொண்டே போனது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததால் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பணம் தண்ணீராகச் செலவானது. 1823இல் கடற்படை வாரியம் ராயல் சொசைட்டியிடம் வழி கேட்டது. அப்போது அதன் தலைவர் சர் ஹம்ஃப்ரி டேவி, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மின்சாரத்தால் பிரித்துக் காட்டிய மேதை. செம்பை விடச் சுலபமாகக் கரையும் உலோகத்தைச் செம்போடு தொட வைத்தால் கடல் அதைத்தான் கடிக்கும், செம்பை விட்டுவிடும் என்று அவர் கணித்தார். சோதனையில் ஒரு பட்டாணி அளவு துத்தநாகம் நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காத்தது. டேவி இதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. நாட்டுக்கே கொடுத்தார். இனிக் கடலில் இறக்கிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

1824இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கப்பல்களில் ஒன்றின் பெயர் சமராங். கொச்சித் துறையில் இந்தியத் தேக்கால் கட்டி 1822இல் நீரில் இறக்கிய கப்பல். அதன் செப்பு வயிற்றில் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தி அட்லாண்டிக் கடலைக் கடந்து நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பார்த்தால் செம்பு ஏறக்குறைய போட்டது போட்டபடி இருந்தது. டேவியின் கணக்கு கடலிலும் பலித்துவிட்டது. ஆனால் காவல் கட்டி பொருத்திய கப்பல்களின் மாலுமிகள் வேறொரு புகார் கொண்டுவந்தார்கள். கப்பல் நகரவே மாட்டேன் என்கிறது!

அடியில் பாசியும் கொட்டலசுகளும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை அந்த உயிர்களுக்கு நஞ்சாக இருந்து அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரைவதை டேவி நிறுத்தியதும் நஞ்சும் நின்றுவிட்டது. வெற்றியே தோல்வியாகிப் போனது. 1825இல் கடலோடும் கப்பல்களிலிருந்து அந்தக் கட்டிகளைக் கழற்ற உத்தரவு வந்தது. பத்திரிகைகள் ஏசின. மனம் நொந்த டேவி உடலும் நலிந்து 1829 மே மாதம் ஜெனீவாவில் கண்மூடினார். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு சரியாக இருந்து இவ்வளவு அவமானப்பட்டவர்கள் அரிது. அவர் கண்டுபிடித்ததில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. இடம்தான் தவறு. செம்புக்குப் பதில் இரும்பு, கடலுக்குப் பதில் கரை என்று யாராவது மாற்றி யோசித்திருந்தால் போதும்.

அப்படி யோசித்தவர் பாரிசின் பொறியாளர் ஸ்தானிஸ்லாஸ் சோரேல். 1837இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் மலூயினின் பழைய முக்கலும் இருந்தது, வோல்ட்டாவின் விளக்கமும் இருந்தது. இரும்பை முதலில் அமிலத் தொட்டியில் ஊறவைத்துத் துருவை உரித்தார். பிறகு நவச்சாரம் தடவினார். அதன்பின் ஏறக்குறைய 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கினார். வெளியே வந்த இரும்பின்மேல் வெறும் பூச்சு மட்டும் இருக்கவில்லை. இரண்டு உலோகங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலவை அடுக்குகளாகப் பிணைந்திருந்தன. தவளைக்காலில் தொடங்கியதை மறக்காமல் கால்வானியின் பெயரையே அந்த முறைக்குச் சூட்டினார். அதே ஆண்டு இங்கிலாந்திலும் கிராஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி அதே போன்றதொரு காப்புரிமை வாங்கினார். டேவியைக் கைவிட்ட கடற்படையிலிருந்தே ஒருவர்.

லண்டன் துறைமுகத்தின் பொறியாளர் ஹென்றி பாமர் 1829இல் நெளித்தகட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மெல்லிய தகட்டை நெளித்தால் விறைப்பு வருகிறது, தாங்கு கட்டை அதிகம் தேவையில்லை. ஒரே குறை, மழையில் துருப்பிடித்துப்போகும். பாமரின் நெளிவும் சோரேலின் பூச்சும் சந்தித்ததும் அந்தக் குறை தீர்ந்தது. 1850 வாக்கில் பிரிட்டனில் இதற்காகவே ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் துத்தநாகம் உருகியது. தங்க வேட்டைக்காரர்களோடு கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய அந்தத் தகடு, கொஞ்ச காலத்தில் மலாயாவின் மேற்குக் கரையிலும் இறங்கியது. அங்கே மண்ணுக்கடியில் வேறோர் உலோகம் காத்திருந்தது.

பேராக்கின் லாருட்டில் 1840களில் வெள்ளீயம் கிடைத்தது. உணவை அடைக்கும் டப்பாவுக்கு இரும்புத் தகட்டின்மேல் பூச உலகுக்கு வெள்ளீயம் வேண்டியிருந்தது. அந்த ஈயத்துக்காகச் சீனக் குழுக்கள் மோதின, அரியணைக்குப் போட்டி வந்தது, ஆங்கிலேயர் நுழைந்தனர். 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் தீவருகே புளூட்டோ என்ற கப்பலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக் ஆங்கிலேயரின் பிடிக்குள் வந்தது. பிறகு கிந்தா பள்ளத்தாக்கு திறந்தது, ஈப்போ வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது உலக வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. ஆனால் உலகத்தின் இரும்புக்கெல்லாம் பூச்சுக் கொடுத்த அந்த மண்ணில், வீட்டுக் கூரைக்கு வெள்ளீயம் உதவவில்லை.

காரணம் வோல்ட்டாவின் கணக்கிலேயே இருந்தது. உலோகங்களைக் கரையும் ஆவலின்படி வரிசைப்படுத்தினால் துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட்டில் நிற்கிறது, இரும்பு மைனஸ் 0.44, வெள்ளீயம் மைனஸ் 0.14. இரும்பு இவை இரண்டுக்கும் நடுவே. வெள்ளீயம் பூசிய தகட்டில் ஒரு கீறல் விழுந்து மழை நனைத்தால் கரைவது இரும்புதான், அதுவும் வெறும் இரும்பை விட வேகமாக. துத்தநாகம் பூசியதில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைகிறது. வெள்ளீயம் போர்வை, கிழிந்தால் அவ்வளவுதான். துத்தநாகம் கிழிந்த பிறகும் காவல் காக்கிறது. ஆகவே பேராக்கின் ஈயம் கப்பலேறிப் போக, எதிர்த்திசையில் துத்தநாகத் தகடு வந்து இறங்கியது. வந்த தகடு யாருடைய தலைக்குமேல் ஏறியது என்பதில்தான் தமிழரின் கதை தொடங்குகிறது.

1877இல் கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ ரப்பர் நாற்றுகளை நட்டார். அடுத்த தலைமுறைக்குள் காடு அழிந்து பால்மரம் நிறைந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் தோட்டத்து லயன்களில் குடியேறினார்கள். முதலில் அத்தாப்பு ஓலை, பிறகு தகரக் கூரை. பகலில் அனலாகக் காய்ந்தது, மழையில் பேச்சுக் கேட்காதபடி இரைந்தது. ஆனால் வெப்ப மண்டலத்து மழை அதைத் துளைக்கவில்லை. அமிலம் சேர்த்து உறையவைத்த ரப்பர் பாலைப் பாளம் பாளமாகத் தொங்கவிட்ட புகைவீட்டுக்கும் அதே தகரம்தான். அந்தத் தகரத்தின் வெள்ளிப் பூச்சைப் பற்றி லயத்தில் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமும் இருக்கவில்லை, 1948 ஜூன் 16 வரை.

அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள்ளிருந்து போரிட்ட கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி போகாமல் தடுக்க, சிதறிக் கிடந்த லயன்களை ஓரிடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி இழுத்தார்கள். அதே துத்தநாகம் பூசிய கம்பி. வேலிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு கேட்டு, கேட்டுக்குக் காவல். பொழுது சாய்ந்தால் சாத்திவிடுவார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் மதியச் சோறு கொண்டுபோகிறார்களா என்று அந்தக் கேட்டில் சோதித்தார்கள். இன்னொருவர் கை திறந்துவிட்டால்தான் வெளியே போகலாம் என்றிருந்த அந்த வாழ்க்கை 1960இல் முடிந்தது. ஆனால் தோட்டமும் நிலைக்கவில்லை.

பால்மரங்களை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தார்கள். பல தோட்டங்கள் கைமாறிக் குடியிருப்புகளாயின. வெள்ளீயமும் விழுந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீயக் கழகம் பணமின்றி முடங்க, லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றே போனது. கிந்தாவின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. ஈப்போவைச் சுற்றி ஈயக் குட்டைகள் மிஞ்சின. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள, ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று குட்டையில் மிதந்தபடி நின்றுபோனது. வேலை தேடிய மக்களில் பலர் கடற்கரைப் பக்கம் நகர்ந்தார்கள். பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தான அதே கரைக்கு.

லூமுட்டில் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறைகளும் எழுந்திருந்தன. மஞ்சோங்கில் கடலைத் தூர்த்து நிலக்கரி மின்நிலையம் கட்டினார்கள். 2014இல் தெலுக் ரூபியாவில் இரும்புத் தாது இறக்கி ஏற்றும் முனையம் இயங்கத் தொடங்கியது. சித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் தாமான்கள் என்னும் குடியிருப்புகள் பெருகின. லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் வரிசை வீடு வாங்கினார்கள். வாசலில் கார், காருக்கு முன் கேட்டு. அந்தக் கேட்டை மழையில் இறங்கித் திறக்க யாருக்கும் பிடிக்கவில்லை.

அமெரிக்காவின் இண்டியானாவில் ஜான்சன் என்பவர் கார் கொட்டகைக் கதவுக்கு மின்மோட்டார் பொருத்தியது 1926இல். பல கைகள் மாறி, ரிமோட் சேர்ந்து, கேட்டுக்கு ஏற்றவாறு உருமாறி, மலேசியத் தாமான்களின் வாசலுக்கு அந்த ஏற்பாடு வந்து சேர்ந்தது. ஆட்டோகேட் என்று இன்று பேராக் முழுக்க வழங்குவது அதுதான். காருக்குள் இருந்தபடியே பொத்தானை அமுக்கினால் இரண்டு கரங்கள் நீண்டு கேட்டின் இரு கதவுகளையும் விரிக்கின்றன. ஈப்போவில் பல ஆண்டுகள் பிரச்சினையில்லாமல் ஓடும் அதே மாடல், லூமுட் கரையில் சீக்கிரமே முனகத் தொடங்கியது. கேட்டு பாதியில் நின்றது. சில வீடுகளில் நள்ளிரவில் தானாகவே திறந்துகொண்டது.

ரிப்பேர்காரர்கள் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டரை நூற்றாண்டுக் கதை முழுவதும் உள்ளே இருந்தது. வெளியே கீலிலும் கரத்தைத் தாங்கும் பிராக்கெட்டிலும், சறுக்குக் கேட்டாக இருந்தால் பற்சட்டத்திலும் தண்டவாளத்திலும் இருந்த அந்தச் சாம்பல் நிறத் தோல், சோரேலின் துத்தநாகம். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தத் தோல்தான் கேட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அதன் ஆயுள் முழுக்க முழுக்கத் தடிமனைப் பொறுத்தது. உலைத் தொட்டியில் முக்கிய கனமான உருப்படிக்கு 85 மைக்ரான் பூச்சு இருக்கும். தகடாக இருந்தபோதே பூசிப் பிறகு குழாயாக மடித்ததற்கு 20 மைக்ரான் வாக்கில். மின்முலாம் பூசிய சிறு திருகுக்கு ஐந்து முதல் எட்டு. ஐஎஸ்ஓ 9223 அளவீட்டின் நடுத்தர வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேய்கிறது. கடல் உப்பும் தொழில் புகையும் கலக்கும் சி5 வகையில் 4.2 முதல் 8.4 வரை. வெறும் இரும்பு என்றால் அதே இடத்தில் 80 முதல் 200 மைக்ரான்.

கணக்குப் போட்டால் எல்லாம் விளங்கிவிடுகிறது. அத்தகைய கரையில் 85 மைக்ரான் பூச்சு பத்து முதல் இருபது ஆண்டு நிற்கும். குழாய் இரண்டு முதல் ஐந்து ஆண்டு. திருகு ஓராண்டு தாண்டுவதே பெரிது. மோட்டார் நன்றாக இருக்கும்போதே கேட்டு நின்றுபோவதற்குப் பல சமயம் அந்த ஒரு திருகுதான் காரணம். உப்பு மட்டும் என்றால் துத்தநாகத்தின்மேல் ஒரு வெண்படலம் படிந்து அதற்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தரும். கந்தகம் கலந்த புகையின் ஈரம் அந்தப் படலத்தையும் கரைத்துவிடுகிறது. பிறகு துரு. துரு என்பது இரும்பு மீண்டும் தாதுவாக மாறுவதுதான். தெலுக் ரூபியாவில் மலைபோல் குவியும் சிவந்த தாதுவும் தாமான் கேட்டில் உதிரும் சிவந்த பொடியும் ஏறக்குறைய ஒரே பொருள்.

துருவுக்கு அஞ்சிச் சிலர் கேட்டையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தார்கள். அங்கே டேவியின் பட்டாணி திரும்பி வந்தது. பெரிய ஸ்டெயின்லெஸ் கேட்டு, அதில் துத்தநாகம் பூசிய சின்னஞ்சிறு பிராக்கெட். உப்பு ஈரம் இரண்டையும் இணைத்ததும், அந்தப் பட்டாணித் துத்தநாகம் தன்னைத் தொட்டிருக்கும் அவ்வளவு பெரிய உலோகத்துக்கும் சேர்த்துக் கரைந்தது. பூச்சு போனதும் அடியிலிருந்த இரும்பின் முறை. பிராக்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் அதே கதிதான். அனுபவமுள்ளவர்கள் இரண்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைத்து உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரித்தார்கள், அல்லது பிராக்கெட்டையும் கேட்டின் அதே ரக ஸ்டெயின்லெஸ்ஸில் செய்து மாட்டினார்கள். போல்ட்டுகளுக்கு 304 ரகத்தை விட்டு 316 ரகத்தைத் தேடினார்கள். உப்பைத் தாங்குவது பின்னதுதான்.

நள்ளிரவில் தானாகத் திறந்த கேட்டுகளின் மர்மம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்தது. சர்க்கியூட் பலகையில் செப்புக் கோடுகள், கோடுகளைப் பிணைக்கும் பற்றாசு. அந்தப் பற்றாசின் பெரும்பங்கு வெள்ளீயம், பேராக்கை உலகப் படத்தில் ஏற்றிய அதே உலோகம். ஒயர் நுழையும் துளை வழியே உப்புக் காற்று உள்ளே போய், இரவில் குளிர்ந்ததும் பலகையின்மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்தது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையே பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் இருந்தது. உலோகம், உப்பு நீர், உலோகம். வோல்ட்டாவின் அடுக்கைப் போன்ற அமைப்பு சிறு வடிவில் அங்கே உருவாகிவிட்டது, இங்கே மின்சாரம் மட்டும் பேட்டரியிலிருந்து வந்தது. வெள்ளீயம் ஒரு முனையில் கரைந்து மறுமுனையில் மயிரிழை போன்ற கிளைகளாக வளர்ந்தது. ஒரு கிளை எதிர்க்கோட்டைத் தொட்டதும், பொத்தான் அமுக்கியதாகவே பலகை நினைத்துக்கொண்டது. கேட்டு திறந்தது. விடிந்து வெயில் ஏறினால் ஈரம் உலர்ந்து, தேடினாலும் குறை தெரியாது.

அதனால்தான் அந்தக் கரையில் பழகிய கைகள் பலகையை உடனே மாற்றச் சொல்வதில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பாதுகாப்பு வார்னிஷ் தெளித்து, ஒயர்த் துளையைச் சிலிக்கோனால் அடைக்கிறார்கள். ஒயரைப் பெட்டிக்குள் நேராக இறக்காமல் ஒரு வளைவு கொடுத்துக் கீழிருந்து ஏற்றுகிறார்கள், வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் இடுக்கில் கூடு கட்டும் எறும்பையும் முட்டையிடும் பல்லியையும் தடுக்கும் வேலையும் அதே சிலிக்கோனுக்குத்தான்.

கீலை வெல்டிங் செய்யும் கட்டத்தில்தான் நல்ல வேலையும் அரைகுறை வேலையும் பிரிகின்றன. வெல்டிங் சூட்டில் இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே துத்தநாகம் கொதித்துவிடுகிறது. ஜாவர் உலைக்காரர்களை அலைக்கழித்த அதே வெண்புகை கிளம்புகிறது. அதை மூச்சில் இழுத்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரும், அதனால் காற்று புகையைப் பக்கவாட்டில் அடித்துப்போகும்படி நின்று, பூச்சை முன்கூட்டியே அரைத்து எடுத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். பிறகு அந்த இடம் வெறும் இரும்பு. பலர் அதன்மேல் சில்வர் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு அச்சாக அதே நிறம்தான். ஆனால் சாதாரண சில்வர் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தூள், அதுவும் எண்ணெய்க்குள் புதைந்து கிடக்கிறது, இரும்புக்காக அது கரையப்போவதில்லை. வெல்டிங் பட்ட இடத்துக்கு வேண்டியது துத்தநாகப் பெயிண்ட். காய்ந்த படலத்தின் எடையில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் துத்தநாகத் தூள் இருந்தால்தான் துகளோடு துகள் தொட்டு, மின்சாரம் இரும்பு வரை ஓடும். டப்பாவின் பின்பக்கத்தில் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மஞ்சோங் கடைகளில் விவரம் தெரிந்தவர்கள் பணத்தை எடுக்கிறார்கள். இரும்புத் தூரிகையால் பளபளக்கத் தேய்த்த பிறகு இரண்டு கை பூசுகிறார்கள், இரண்டாவது பூச்சும் காயும்வரை மோட்டார் கரத்தைத் திரும்ப மாட்டுவதில்லை.